தோட்டத்தில் கிடைத்த கறுப்புக் கல் விண்கல்தானா?

சுங்கை சிப்புட் வாசகி ஒருவர் கேட்கிறார்: "செம்பனைத் தோட்டத்தில் கால்வாய் வெட்டும்போது என் அண்ணனுக்கு ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. கைக்குள் அடங்கும் அளவுதான், ஆனால் நல்ல கனம். காந்தம் ஒட்டுகிறது. மேலே சின்னச் சின்ன ஓட்டைகள். படத்தை இணையத்தில் போட்டதும் ஒருவர், இது விண்கல்தான், நல்ல விலைக்குப் போகும், சான்றிதழுக்கு 300 ரிங்கிட் அனுப்புங்கள் என்கிறார். அனுப்பலாமா?"

அனுப்ப வேண்டாம். வெறும் படத்தைப் பார்த்து விண்கல் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கல்லை விற்றுத் தருகிறேன் என்று வருகிறவர் முதலில் உங்களிடமே பணம் கேட்டால், அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, கல்லுக்கு வருவோம். காந்தம் ஒட்டுவதைத்தான் எல்லாரும் பெரிதாக நினைப்பார்கள். எனக்கு உறுத்துவது அந்த ஓட்டைகள்.

பூமிக்கு வந்து சேரும் விண்கற்களில் பெரும்பாலானவை, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றும் சிறுகோள்களிலிருந்து உடைந்தவை. அவற்றில் பத்துக்கு எட்டுக்கும் மேல் காண்டிரைட் வகை. சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி முழுதாக உருவாவதற்கு முன்பே, விண்வெளித் தூசியும் உருகி உறைந்த கற்துளிகளும் ஒன்றுசேர்ந்து இறுகியவை அவை. எரிமலைக் குழம்புபோல மொத்தமாக உருகிக் கொதித்ததில்லை. அதனால் உள்ளே குமிழி இருக்காது. அவை சிறுகோள்களிலிருந்து வந்தவை என்பது வெறும் ஊகமில்லை. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2005-இல் இட்டோகாவா என்ற சிறுகோளில் இறங்கி, 2010-இல் துகள்களைப் பூமிக்கு அனுப்பியது. சோதித்துப் பார்த்தால், இங்கே விழுந்து கிடைத்த சாதாரணக் காண்டிரைட் கற்களோடு அவை பொருந்தின.

காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கும்போது வெளித்தோல் மட்டும் உருகி, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் கறுப்பு ஓடாகப் படியும். பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தியது போன்ற ஆழமில்லாத பள்ளங்கள் இருக்கலாம். பள்ளம் வேறு, ஓட்டை வேறு.

அப்படியானால் உங்கள் கல் என்ன? உங்கள் ஊரை ஒட்டிய கிந்தா வட்டாரம் நெடுக ஈய லம்பம், அதாவது வெள்ளீயச் சுரங்கத் தொழில், நடந்த மண். ஈயம் உருக்கிய பழைய உலைகளின் கசடு கறுப்பாக, கனமாக, குமிழிகளோடு இருக்கும். இரும்பு கலந்திருந்தால் காந்தத்தையும் இழுக்கும். என் சந்தேகம் அதன்மேல்தான். பனையெண்ணெய் ஆலைக் கொதிகலனின் கசடைத் தோட்டச் சடக்கில் கொட்டிப் பள்ளம் நிரப்புவதும் உண்டு, ஆனால் அது லேசாக இருக்கும். செம்மண்ணில் தானாக விளையும் இரும்புக் கட்டிகளும் பலரை ஏமாற்றியிருக்கின்றன.

வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறது. தரைக்குப் போடும் டைல்ஸைத் திருப்பி, மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லை உரசுங்கள். செங்கல் நிறக் கோடு விழுந்தால் ஹேமடைட், கருஞ்சாம்பல் கோடு என்றால் மேக்னடைட். இரண்டுமே நம் ஊர் இரும்புத் தாதுக்கள். புது விண்கல் பொதுவாகக் கோடு போடாது. ஆனால் நம் மழைக்கும் ஈரத்துக்கும் விண்கல்லில் உள்ள இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துவிடும், துருவும் பழுப்பாகக் கோடு போடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து அடர்த்தி. கல்லைக் காய்ந்த நிலையில் கிராம் கணக்கில் நிறுங்கள். அப்புறம் ஒரு பாத்திரம் தண்ணீரைச் சமையல் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில் கட்டி முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சாதாரணக் காண்டிரைட் 3.2 முதல் 3.8 வரை வரும். இரும்பு விண்கல் 7-ஐத் தாண்டும். இந்த எண் மட்டும் தீர்ப்பாகாது. கசடும் அந்த அளவுக்குள் வந்து நிற்கலாம்.

ஒரு மூலையை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து உள்ளே பாருங்கள். சாம்பல் நிறக் கல்லுக்குள் வெள்ளிப் பொட்டுகள் போல உலோகம் மின்னினால், ஓட்டைகளையும் மீறி நான் யோசிப்பேன். கண்ணாடி போல வழவழப்பும் உள்ளேயும் குமிழிகளும் தெரிந்தால் கசடுதான்.

நியோடிமியம் என்று விற்கும் பலமான காந்தத்தைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். ஒருவேளை உண்மையிலேயே விண்கல்லாக இருந்தால், அது உடைந்து வந்த சிறுகோளில் பதிந்த காந்தத் தடத்தை அந்தக் காந்தம் அழித்துவிடும். ஃபிரிட்ஜில் ஒட்டும் சாதாரணக் காந்தம் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால் ஈப்போவில் கனிமப் புவியியல் துறை இருக்கிறது, உங்களுக்குத் தூரமில்லை. அங்கே புவியியல் அருங்காட்சியகமும் உண்டு. கல்லை ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று அண்ணனிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது, நிலம் அவர்களுடையது. அதுவரை கல்லைக் கழுவாமல், ஈரம் படாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள்.