'அகேசியா': கேடு யாரால் வருகிறது?

கேள்வி: 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'அகேசியா' என்னும் கொரியத் திகில் படத்தை அண்மையில் பார்த்தேன். நானும் ஒரு மகளைத் தத்தெடுத்து வளர்க்கிறேன். தத்துப் பிள்ளையால் குடும்பத்துக்குக் கேடு என்றுதானே இப்படம் சொல்கிறது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மனம் ஏன் கலங்கியது என்பது புரிகிறது. ஆனால் பார்க் கி-ஹ்யூங் இயக்கிய அப்படம் சொல்வது அதற்கு நேர்மாறானது. குழந்தையில்லாத தம்பதியர் ஓவியத்தில் நாட்டமுள்ள ஒரு சிறுவனைத் தத்தெடுக்கிறார்கள். தோட்டத்தில் பட்டுப்போய் நிற்கும் மரமே இறந்துபோன தன் தாய் என்று அவன் நம்புகிறான். பிறகு அந்த வளர்ப்புத் தாய்க்கே ஒரு குழந்தை பிறக்க, இவன் வேண்டாதவனாகிறான். ஒரு நாள் காணாமலும் போகிறான். பட்ட மரமோ பூக்கத் தொடங்குகிறது. முடிவைப் பிற வாசகர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். அந்த வீட்டைக் குலைப்பது சிறுவன் அல்லன், பெரியவர்கள் மூடி மறைத்த உண்மை என்பது மட்டும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த மறைப்புக்குக் கொரியாவில் நீண்ட வரலாறு உண்டு. ஆண்வழி இரத்த உறவையே குடும்பம் என்று கொண்ட அச்சமூகத்தில், வாரிசு இல்லாதவர்கள் தந்தைவழி உறவிலிருந்தே பிள்ளையைத் தத்தெடுத்தார்கள். வெளியிலிருந்து எடுத்தவர்களில் சிலர், ஊரை நம்பவைக்கக் கருவுற்றதுபோல் நடித்ததும் உண்டு. ஆணைக் குடும்பத் தலைவராக முன்னிறுத்திய 'ஹோஜு' பதிவு முறை 2008இல்தான் நீங்கியது. படம் வந்தபோது அதுவே சட்டம். கொரியப் போருக்குப் பின் ஏறத்தாழ 2 லட்சம் பிள்ளைகள் வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலருடைய பிறப்பு ஆவணங்கள் பொய்யாக மாற்றப்பட்டிருந்ததை அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025இல் உறுதிசெய்தபோது, இரகசியம் வீட்டுச் சுவர்களுக்குள் மட்டும் இருக்கவில்லை என்பதும் வெளிப்பட்டது.

மரத்தின் தேர்வு என்னை மிகவும் பாதித்தது. கொரியர்கள் அகேசியா என்றழைக்கும் மரம் வட அமெரிக்காவிலிருந்து வந்தது; மொட்டை மலைகளைப் பசுமையாக்க ஏராளமாக நடப்பட்டது. மே மாதத்தில் வெண்பூக்களால் மணக்கும் அம்மரத்திலிருந்தே அந்நாட்டுத் தேனின் பெரும்பகுதி கிடைக்கிறது. ஆயினும் அதன் வேர் கல்லறைக்குள் புகுந்துவிடும் என்று மூதாதையர் சமாதிகளின் அருகே அதை வளரவிடுவதில்லை. பயன் பெற்றுக்கொண்டே அந்நியமாக நடத்தப்படும் மரம் அது.

அம்மரத்தைத் தாய் என்று படத்தின் சிறுவன் சொல்லும் காட்சிகளை மறுபடியும் பாருங்கள். பெற்ற தாயைப் பற்றிப் பேச அவனுக்கு அந்த மரத்தைத் தவிர யாருமில்லை. உங்கள் மகள் தன் பிறப்பைப் பற்றிக் கேட்கும்போது அவளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.