மளிகைப் பொருளில் ஒளிந்திருக்கும் சர்க்கரையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழத்திலும் பாலிலும் இயல்பாக இருப்பது வேறு. தயாரிக்கும்போது தனியாகக் கொட்டுவதுதான் சேர்க்கப்பட்ட சர்க்கரை. பிஸ்கட்டில் அது இருப்பதை நாக்கே சொல்லிவிடும். தக்காளி சாஸில் புளிப்பை அடக்கவும், பிரெட்டில் நிறம் ஏறவும் போடுவதுதான் நமக்குத் தெரிவதில்லை.

பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட்டிருப்பார்கள். சூட்சுமம் அங்கேதான். இனிப்புக்குப் போட்ட சர்க்கரையையே சர்க்கரை, இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ் என்று பல வகையாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். வியாசர்பாடியில் தண்ணி லாரி வரும்போது ஒரே வீட்டுக் குடம் வரிசையில் மூன்று இடத்தில் நிற்குமே, அதே கதை. பார்க்க மூன்று வீடு. தண்ணி போவது ஒரே வீட்டுக்கு.

பெயர்களை மனப்பாடம் செய்ய முடியாவிட்டால், சத்து அட்டவணையில் 'ஆடட் சுகர்ஸ்' வரியைப் பாருங்கள். கிராமை 4-ஆல் வகுத்தால் டீஸ்பூன் கணக்கு. போன வாரம் வண்ணாரப்பேட்டையில் நான் எடுத்த சாஸ் பாட்டிலில் 100 கிராமுக்கு 24. ஆறு டீஸ்பூன்! (எழுத்து எறும்பு சைஸ், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன்.)

வெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை போட்டதென்றால் கணக்கில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். அவையும் சேர்க்கப்பட்ட சர்க்கரைதான்.