காப்பீடு இல்லாத கார் இடித்தது: வசூல் முகவர் கேட்கும் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டுமா?

பெங்களூரு அல்சூரில், காப்பீடு காலாவதியான உங்கள் கார் முன்னால் நின்ற காரை இடித்துவிட்டது. அதன் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் வசூல் முகவர் 48,000 ரூபாய் கேட்கிறார் என்கிறீர்கள். தவறு உங்களுடையது என்றால் நஷ்டஈடும் உங்கள் தலையில்தான். ஆனால் முகவரின் கடிதம் நீதிமன்றத் தீர்ப்பாகிவிடாது.

சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை, பழுதுபார்த்த பில், கார்க்காரர் தன் உரிமையை நிறுவனத்துக்கு மாற்றித் தந்த கடிதம் ஆகியவற்றை எழுத்து மூலம் கேளுங்கள். பில்லை வரி வரியாகப் படியுங்கள். நசுங்கியது பின்பக்க பம்பர். பில்லில் முன்விளக்கும் இருந்தால், அதற்கு அங்கே என்ன வேலை? பேரம் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

காப்பீடின்றி ஓட்டிய குற்றத்துக்கு முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அது தனிக் கணக்கு, முகவர் மிரட்டுவதற்கான ஆயுதமல்ல. தொகை முடிவானால் நிறுவனத்தின் கணக்கில் மட்டும் செலுத்தி, இனிப் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். சம்மன் வந்தால் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். ஆஜராகாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடலாம்.