கேமராவ அவங்க கையில குடுங்க

வணக்கம் அக்கா. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி படிப்பு) கடைசி வருஷம். ஃபீல்டு ஒர்க்குக்கு கூர்நோக்கு இல்லம் போறேன், வழக்குல சிக்குன 18 வயசுக்குக் கீழ உள்ள பசங்கள வச்சிருக்கற இடம். அங்க பசங்களுக்கு போட்டோகிராஃபி சொல்லித் தரணும்னு ஆசை. ‘திருட்டுப் பசங்ககிட்ட கேமராவா’ன்னு கேக்குறாங்க. இதால அவங்களுக்கு தன்மதிப்பு வருமா, இல்ல சும்மா பொழுதுபோக்குதானா?
- ஆர்.

தம்பிக்கு,

வரும், நான் நம்புறேன். பாரிஸ் பக்கத்துல ஃப்ளோரி-மெரோஜிஸ்னு பெரிய ஜெயில். க்ளாவ்தி ஸ்லுபான்ங்கற போட்டோகிராஃபர் 1995ல அங்க டீனேஜ் கைதிகளுக்கு வகுப்பு ஆரம்பிச்சாரு, அப்புறம் உக்ரைன், ஜார்ஜியா, குவாத்தமாலான்னு பல நாட்டு ஜெயில்கள்ல இதே வேலைதான். அவருக்குத் துணையா நின்னவங்கள்ல உலகப் புகழ் போட்டோகிராஃபர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் ஒருத்தர். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்ககிட்ட கைதியா இருந்து மூணாவது தடவதான் தப்பிச்ச மனுசன், அடைபட்டுக் கிடக்கறதுன்னா என்னன்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

எங்க ஏரியா ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு ஒரு பையன் வந்தான், இல்லத்துல இருந்து வெளிய வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. பஞ்சர் கடையில ட்யூப தொட்டித் தண்ணிக்குள்ள அமுக்குவாங்கல்ல, அந்தக் குமிழி மேல வந்து உடையுற நேரத்த புடிக்கணும்னு குத்த வச்சு ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு தரையில பரப்புனோம். ஒவ்வொண்ணா தள்ளி வச்சான். ‘இதுல கை ஆடிருச்சுக்கா, திரும்ப எடுக்கறேன்’னான். அதுவரைக்கும் அவன் தப்ப அடுத்தவங்கதான் சொல்லியிருக்காங்க, அடியோட. இப்ப அவனே சொல்றான், தல குனியாம. எனக்கு தொண்டைய அடைச்சிருச்சு தம்பி. தன்மதிப்புன்னு நீங்க கேட்டது இதுதான்னு நெனைக்கிறேன், ‘சூப்பர்டா’ன்னு நாம கை தட்டறதுல அது வராது.

ஒண்ணு மட்டும் ரொம்ப கவனம். 2015 இளைஞர் நீதிச் சட்டம் 74வது பிரிவுப்படி அந்தப் பசங்க பேரு, படம், அடையாளம் எதையும் வெளியிடக் கூடாது, 6 மாசம் வரை ஜெயில் இல்லேன்னா 2 லட்சம் வரை அபராதம், ரெண்டும்கூட விதிக்கலாம். அதனால ஸ்டேட்டஸ்ல போடறது, கண்காட்சி வைக்கிறது நெனப்பெல்லாம் இப்ப வேணாம். முகமே இல்லாம நெழல், கை, ஜன்னல் கம்பியில காயுற துண்டுன்னு எடுக்கச் சொல்லுங்க. இல்லத்து சூப்பிரண்டுகிட்டயும், இந்தப் பசங்க வழக்க விசாரிக்கற இளைஞர் நீதிக் குழுமத்துலயும் எழுத்துல அனுமதி வாங்கிக்குங்க. அப்புறம் ‘திருட்டுப் பசங்க’ன்னு யார் சொன்னாலும் அங்கயே மறுத்துப் பேசுங்க, அப்படி முத்திர குத்தற வார்த்தையே கூடாதுன்னு அதே சட்டம்தான் சொல்லுது.

பிரிண்ட் கண்டிப்பா போடுங்க, போன்ல காட்டிட்டு விட்றாதீங்க. காசு பத்தலன்னா எனக்கு மெயில் போடுங்க, முதல் 100 பிரிண்ட் என் செலவு.

அன்புடன்,
அக்கா