அண்ணன் முகம் வந்ததும் ஜெபம் நின்றுபோகிறது

கேள்வி: எனக்கு 47 வயது. அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். அவர் சம்பாதித்து வாங்கிய 54 சென்ட் நிலம் இருந்தது. பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லி அண்ணன் என்னையும் அம்மாவையும் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனான். வாசித்துப் பார்க்காமல் இருவரும் கையெழுத்து போட்டோம். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் அது எங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து அந்த ஆள் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அம்மா அங்கேதான் இருக்கிறாள், அவளையும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே கோவிலில் அந்த ஆள் எழுந்து வேதபாடம் வாசிக்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது. போன மாதம் அந்த ஆள் கடையில் நஷ்டம் என்று கேள்விப்பட்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எத்தனையோ தடவை ஜெபித்துவிட்டேன், விடிந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. திருவிருந்து எடுக்கவே பயமாக இருக்கிறது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் அந்த ஆள்தான். நான் என்ன செய்ய?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். தொடக்கத்தில் மட்டும் அண்ணன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் கடைசி வரைக்கும் ‘அந்த ஆள்’தான். குற்றம் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. லூக்கா 15-ல், கெட்டுப்போய்த் திரும்பிவந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்ததால் மூத்த மகன் கோபத்தோடு வீட்டுக்கு வெளியே நிற்கிறான் அல்லவா, அவனும் தகப்பனிடம் ‘உம்முடைய குமாரனாகிய இவன்’ என்றுதான் பேசுகிறான். தம்பி என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. தகப்பனோ ‘உன் சகோதரனாகிய இவன்’ என்று பதில் சொல்லி, அறுந்துபோன உறவை அவன் கையில் திருப்பிக் கொடுக்கிறார். அதற்கு முன்னால் அவர் செய்ததைப் பாருங்கள். விருந்தை விட்டு எழுந்து, கோபமாய் நின்ற பிள்ளையைத் தேடி வெளியே வந்தார். கோபம் ஆறினதும் உள்ளே வரட்டும் என்று அவர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பவில்லை.

அதனால் கோபம் தணிந்த பிறகுதான் ஜெபிக்க முடியும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடே ஜெபிக்கத் தொடங்குங்கள்.

உங்களுக்கு நடந்தது அநியாயம். இதை உங்களிடம் இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று கடிதத்திலிருந்து படுகிறது. நம் சபைகளில் ‘மன்னித்து மறந்துவிடுங்கள் அம்மா’ என்று சொல்லிக் கையை ஆட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பிள்ளை பெண் பிள்ளை வித்தியாசம் கிடையாது. அப்படியானால் அம்மாவுக்கு 18, அண்ணனுக்கு 18, உங்களுக்கு 18 சென்ட். அது உங்களுடையது. இல்லாத ஒன்றுக்காக நீங்கள் வருத்தப்படவில்லை.

55-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் காதில் விழுகிற மாதிரி சத்தமாக வாசியுங்கள். ‘எனக்குச் சமமான மனுஷனும், என் வழிகாட்டியும், என் தோழனுமாகிய நீயே அவன்’ என்று வரும். அதற்கு அடுத்த வசனத்தில், நாம் ஒன்றாகத் தேவாலயத்துக்குப் போனோமே என்று சங்கீதக்காரர் அழுகிறார். அதே கோவில், அதே பெஞ்சு, உங்கள் ஞாயிற்றுக்கிழமைதான். அந்தச் சங்கீதத்தில் பழிவாங்கச் சொல்லும் வரிகளும் இருக்கின்றன. சபையில் வாசிக்கச் சங்கடப்படும் அந்த வரிகளையும் விடாமல் வாசியுங்கள். பழிவாங்கும் ஆசையைக் கடவுளிடம் சொல்லிவிட்டவன் அதை அவர் கையில் கொடுத்துவிட்டான். சொல்லாதவன்தான் அதை ஊரெல்லாம் சுமந்துகொண்டு திரிகிறான்.

வாசித்த பிறகு உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். அழகான ஜெபம் வேண்டாம். ‘ஆண்டவரே, என் 18 சென்ட் போய்விட்டது. ஏமாந்துபோனேன். அண்ணன் மேல் கோபமாக இருக்கிறேன். அவன் நன்றாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.’ இவ்வளவு போதும். யோனா தீர்க்கதரிசியிடம் கர்த்தர், ‘நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ’ என்று கேட்டார். யோனா, சாகிற அளவுக்கு எரிச்சலாயிருப்பது நல்லதுதான் என்றே பதில் சொன்னான். அப்படிச் சொன்னவனோடும் அவர் பேச்சை நிறுத்தவில்லை.

சரி, இப்போது மனந்திரும்புதல். உங்களை மாதிரிப் பாதிக்கப்பட்டவர்களிடம் இந்தச் சொல்லை எடுத்தாலே ‘தப்பு செய்தது அவன், மனந்திரும்ப வேண்டியது நானா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏமாற்றப்பட்டதற்காக யாரும் மனந்திரும்ப வேண்டியதில்லை. வலித்ததற்காகவும் வேண்டாம். ‘கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்’ என்று எபேசியர் 4:26 சொல்லும்போதே, கோபம் ஒன்று, அதை வைத்துக்கொண்டு நாம் செய்கிறது வேறொன்று என்று பிரித்துவிடுகிறது. மனந்திரும்ப வேண்டியது அந்த இரண்டாவதற்கு.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ‘என் கசப்பை மன்னியும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், அதில் எதுவும் அகப்படாது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உங்கள் கடிதத்திலேயே இரண்டு இருக்கின்றன. ஒன்று, அண்ணன் கடை நஷ்டத்தில் நீங்கள் அடைந்த சந்தோஷம். அன்று தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, ஆவியானவர் உங்களை விட்டுப் போய்விடவில்லை என்பதற்கு எனக்கு அதுவே போதும். இன்னொன்று அம்மா. அண்ணன் மேலுள்ள கோபத்துக்காக, உங்களோடு சேர்ந்து ஏமாந்துபோன வயதான அம்மாவை ஒன்றரை வருஷமாக நீங்கள் பார்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. இதற்கு அண்ணன் பொறுப்பில்லை. மேலும் இருக்கலாம்: அவன் பிள்ளைகளிடம் பேசாதே என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னீர்களா? நடந்ததோடு நடக்காததையும் சேர்த்துச் சொன்னீர்களா? ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றையும் வாயால் அறிக்கை செய்யுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம், ஆயரிடமோ ஆயரம்மாவிடமோ, சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது, மன்னித்தும் திரும்பத் திரும்ப வருகிறதே என்கிறீர்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் எவாக்ரியஸ் என்றொரு துறவி இருந்தார், 399-ல் இறந்தவர். மனதுக்குள் கோபம் எப்படி நடமாடுகிறது என்பதை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தவர். மனக்கசப்பு மற்ற நேரத்தைவிட ஜெப நேரத்தில்தான் மனதைப் பிடிக்கும், வருத்தப்படுத்தினவர் முகத்தைக் கண்முன் கொண்டுவந்து காட்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். 1600 வருஷத்துக்கு முன்னால், மணலையும் பாறையையும் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இதே கதைதான். அந்த முகம் வருவதை வைத்து, நீங்கள் செய்த மன்னிப்பு பொய் என்று முடிவுகட்டாதீர்கள்.

ஏழெழுபது தரம் மன்னிக்கும்படி இயேசு சொன்னதை, ஒருவன் அத்தனை தடவை தப்பு செய்தால் என்று வாசிக்கிறோம். என் அனுபவத்தில், ஒரே ஒரு தப்பை மன்னிக்கவே அத்தனை தரம் வேண்டியிருக்கிறது. முகம் வரும்போதெல்லாம் சண்டை போடாமல், ‘ஆண்டவரே, இன்றைக்கும் விடுகிறேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். கை நடுங்க ஆரம்பித்தால் நீண்ட ஜெபத்துக்கு முயற்சி வேண்டாம். ‘கர்த்தாவே, எனக்கு இரங்கும்’ என்ற இரண்டு மூன்று வார்த்தையை மூச்சோடு சொல்லிக்கொண்டு கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

அந்த ஏழெழுபது வசனத்துக்கு அடுத்து வருகிற உவமையில் ஒருவன் ராஜாவுக்கு 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான், ராஜா அதை முழுதும் மன்னித்துவிடுகிறார். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 நாள் கூலி. மொத்தம் 6 கோடி நாள் கூலி. உடன் வேலைக்காரன் அவனுக்குத் தரவேண்டியது 100 வெள்ளிப்பணம், அதாவது 100 நாள் கூலி. பிரசங்கங்களில் இந்த இரண்டாவது கடனை ஒன்றுமில்லாத சில்லறை மாதிரிச் சொல்லிவிடுகிறார்கள். கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு மூன்று மாதச் சம்பளம் சில்லறையா? உங்கள் நஷ்டம் அற்பம் என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜமான கடன். அதைவிடப் பெரிய கடன் உங்களுக்குத் தள்ளுபடியாகியிருக்கிறது என்கிறார். ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்று மத்தேயு 6-ல் நாம் சொல்லும் ஜெபத்திலும் கடன் என்ற சொல்லே இருக்கிறது. விவரம் தெரியாமல் பத்திர ஆபீசில் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து போட்டீர்கள். மன்னிப்போ, எல்லாம் தெரிந்து, யாரும் கையைப் பிடிக்காமல், நீங்களாகப் போடுகிற கையெழுத்து.

அண்ணனுக்காக ஜெபிக்கவும் வேண்டும். ‘அவனுக்குப் புத்தி கொடும்’ என்பது ஜெபத்தின் உடுப்பில் வருகிற புகார். அவர் பிள்ளைகளின் பேரைச் சொல்லி அவர்கள் படிப்புக்காக ஜெபியுங்கள். அந்தக் கடை நஷ்டம் தீர ஜெபியுங்கள். முதல் இரண்டு வாரம் வார்த்தை மட்டும்தான் வரும், மனது வராது. பரவாயில்லை, வார்த்தையை முன்னால் அனுப்புங்கள்.

நானும் உடன் ஊழியர் ஒருவரோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறேன். என்னைப் பற்றி இல்லாத ஒன்றைச் சொல்லியிருந்தார். எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் திருவிருந்துக்கு முன் சமாதானம் கொடுப்போம், ஒருவர் கூப்பிய கையை அடுத்தவர் இரண்டு கைக்குள் வாங்கி அப்படியே வரிசையாகக் கடத்துவது. அது என் பக்கம் அவரிடமிருந்து வந்துவிடக் கூடாது என்று தூண் ஓரமாகப் பார்த்து உட்காருவேன். அவருக்காக ஜெபிக்க ஆரம்பித்து ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடமில்லாமல் பக்கத்து பெஞ்சில் அவர். கையை நீட்டினார். விரல் மூட்டெல்லாம் வாதத்தில் வீங்கியிருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை, அத்தனை வருஷமாக அவர் பக்கம் திரும்பியிருந்தால்தானே. கோபம் அன்றோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் வந்தது, ஆனால் அந்தக் கையும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது.

நிலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மன்னிப்பதென்றால் உரிமையை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. மத்தேயு 18:15-ன்படி முதலில் தனியாகப் பேசுங்கள், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பவுல் 1 கொரிந்தியர் 6-ல் கண்டிக்கிறார், உண்மைதான். அதே இடத்தில், உங்களுக்குள் தீர்த்துவைக்க ஒரு விவேகி இல்லையா என்றும் கேட்கிறார். அப்படி ஒருவரைத் தேடுங்கள். தனக்கு அநியாயம் நடந்தபோது ரோமப் பேரரசனான இராயனிடம் மேல்முறையீடு செய்தவரும் அதே பவுல்தான். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்பதற்கு, விஷயம் தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக 3 வருஷம்தான் கெடு. உங்களுக்கு ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. இந்த மாதமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நீதிமன்ற சமரச மையத்தில் பேசித் தீர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். பழி தீர்க்கவா, பங்கைக் கேட்கவா என்று உங்கள் மனதை மட்டும் அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள்.

திருவிருந்துக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். 1662-ஆம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபை ஜெபப் புத்தகத்திலேயே இதற்கு ஒழுங்கு இருக்கிறது. பகைத்துக்கொண்ட இருவரில் ஒருவர் மனதார மன்னித்து, தன் தப்பைச் சரிசெய்யவும் தயாராக இருந்து, மற்றவர் பிடிவாதமாக நின்றால், மனந்திரும்பினவரைக் குருவானவர் பந்திக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அண்ணன் மனம் மாறும்வரை நீங்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

கல்யாணத்துக்கு அழையுங்கள். வருவதும் சீர் செய்வதும் அவர் பாடு. அழைத்துவிட்டால் பழையபடி ஒன்றாகிவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேதத்தில் பகைத்துப் பிரிந்த அண்ணன் தம்பி ஏசாவும் யாக்கோபும் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஆனாலும் யாக்கோபு ஏசாவின் பின்னால் சேயீருக்குப் போகாமல் சுக்கோத்தில் வீடு கட்டிக்கொண்டார். தகப்பனை அடக்கம்பண்ண இருவரும் சேர்ந்து நின்றார்கள்.

ஆனால் அழைப்பிதழுக்கு முன்னால் அம்மா. தை வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரத்திலேயே ஒரு சாதாரண நாளில், அம்மாவுக்குப் பிடித்த பண்டம் எதையாவது கையில் வாங்கிக்கொண்டு போங்கள். வாசலில் அண்ணன் நின்றால் நிலத்தை எடுக்காதீர்கள். ‘அண்ணே, அம்மாவைப் பார்க்க வந்தேன்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்காருங்கள்.