லேசர் ஒளியால் உலோகத்தின் காந்தத்தைத் திருப்ப முடியுமா, இல்லை அது வெறும் சூடுதானா?

நீங்கள் இயற்பியல் மாணவர் என்று நினைக்கிறேன். யாரோ உங்களிடம் "சூடாக்கினால் காந்தம் போகும், இதில் என்ன புதுசு" என்று சொல்லியிருப்பார்கள். இதையே என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்விலும் கேட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சூடு உண்டு, மறுக்கவில்லை. நிக்கலை 354 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சினால் காந்தம் போகும். ஆனால் 1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பியூரபேர், பிகோ குழுவினர் நிக்கல் படலத்தின் மேல் 60 ஃபெம்டோநொடி (பிகோநொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோநொடி) லேசர் துடிப்பை விட்டார்கள். ஒரு பிகோநொடிக்குள், அதாவது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள், காந்தம் சரிந்தது. அதற்குள் அணுக்கள் முழுதாகச் சூடேறியிருக்காது, எலெக்ட்ரான்கள்தான் கொதித்திருக்கும். காந்தம் என்பதே எலெக்ட்ரான்களின் ஸ்பின் எனும் தற்சுழற்சி போன்ற பண்பிலிருந்து வருவது; அதற்குக் கோண உந்தம், அதாவது சுழற்சியின் அளவு, உண்டு, அது அழியாது. அப்படியானால் ஸ்பின்களின் கோண உந்தம் எங்கே போனது? இந்தக் கேள்வியில் ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டு மல்லுக்கட்டினார்கள். நிக்கல் அணுக்களின் வட்ட அதிர்வுகளுக்கு அது போவதை 2022இல் ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் குழு எலெக்ட்ரான் விளிம்புவிளைவால், அதாவது எலெக்ட்ரான் கற்றை அணுக்களில் பட்டுச் சிதறும் விதத்தை வைத்து, காட்டியது.

நான் வேலை செய்தது காடோலினியம்-இரும்பு-கோபால்ட் படலத்தில். கேர் நுண்ணோக்கியில் பார்ப்போம்: காந்தத்தின் திசைக்கு ஏற்ப, பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை) துளி திரும்பும், படத்தில் அது கறுப்பும் வெள்ளையுமாகத் தெரியும். ஒரு துடிப்பு விட்டால் புள்ளி கறுப்பாகும். அடுத்த துடிப்புக்கு வெள்ளை. அதற்கடுத்து மறுபடி கறுப்பு. தேர்வாளரிடம் இந்தப் படங்களைத்தான் நீட்டினேன். காந்தத்தை அழிக்க மட்டும் தெரிந்த சாதாரணச் சூடு, இப்படி முறை வைத்துத் திருப்பிப் போடுமா ஐயா என்று கேட்டேன்.

விடை படலத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் இரும்பும் காடோலினியமும் எதிரெதிர் திசையில் காந்தமானவை. துடிப்பு பட்டதும் இரும்பின் காந்தம் சுமார் 300 ஃபெம்டோநொடியில் விழுந்துவிடும், காடோலினியத்துக்கு 1.5 பிகோநொடி ஆகும். அந்த இடைவெளியில் இரும்பு மறுபக்கம் எழுந்து, சற்று நேரம் இரண்டும் ஒரே திசையில் நிற்கும். பிறகு இரும்பு காடோலினியத்தையும் திருப்பிவிடும். 2011இல் இதை எக்ஸ்-கதிரால் நேராகவே பார்த்தார்கள்.

"வட்ட முனைவாக்கம்தானே (அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே வரும் ஒளி) திருப்புகிறது" என்று யாராவது வருவார்கள். 2007இல் நெதர்லாந்தின் நெய்மேகன் குழு இதே வகைப் படலத்தில் வலச்சுழி, இடச்சுழி ஒளியால் திசையைத் தேர்ந்தெடுத்துக் காட்டியது உண்மை. சுழியே இல்லாமலும் திருப்பலாம் என்று 2012இல் தெரிந்தது. கோபால்ட்-பிளாட்டினம் அடுக்குகளில் சுழிதான் திசையைத் தீர்மானிக்கிறது, ஆனால் அங்கே பொதுவாகப் பல துடிப்புகள் வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

சொல்ல வந்தது இதையும்தான்: இந்த அளவீடுகளைச் செய்த எங்கள் ஆய்வகத்தில், மாலையானால் கட்டடத்தின் ஏசியை அணைத்துவிடுவார்கள். அறையின் வெப்பநிலை நகர்ந்தால் லேசர் கற்றையும் நகரும், அன்றைய அளவீடு வீண். மனு கொடுத்தோம், மின்கட்டணத்தைக் காட்டினார்கள். கோடிகள் கொடுத்து லேசர் வாங்குகிறவர்கள் ராத்திரிக்கு ஒரு ஏசியை ஓடவிடக் கணக்குப் பார்ப்பதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.