மேட் பினிஷ் கித்தார்ல பளபள திட்டு

மேட் கித்தார்ல பளபளன்னு திட்டு விழுந்திருக்கு, அலமாரிக்கு அடிக்கிற பாலிஷ் ஸ்ப்ரேயும் அடிச்சேன், இப்ப என்ன செய்யறதுன்னு கேட்டிருந்தீங்க. பாலிஷ் எதுவும் போடாதீங்க தம்பி. மேட் பினிஷுக்கு, அதாவது பளபளப்பில்லாத பூச்சுக்கு, மைக்ரோஃபைபர் துணிய லேசா நனைச்சு நல்லா பிழிஞ்சு துடைச்சா போதும், உடனே காஞ்ச துணியால இன்னொரு தடவ.

நீங்க அடிச்சேன்னு சொன்ன அலமாரி ஸ்ப்ரேதான் அந்த திட்டுக்கு காரணமா இருக்கும். அந்த மாதிரி ஸ்ப்ரேல பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும், அது மேட்டோட சொரசொரப்ப அடைச்சிடும், நாளைக்கு விரிசல் விட்டு ரிப்பேருக்கு போனா அதுமேல புது லாக்கர் (மரத்து மேல அடிக்கிற பூச்சு) ஒழுங்கா ஒட்டாம குழிகுழியா வரும், அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

சிகரெட் லைட்டர்ல ஊத்துற எண்ணெய், அதான் நாஃப்தா, துணில ரெண்டு சொட்டு விட்டு பின்பக்கம் ஒரு ஓரத்துல தேய்ச்சு பாருங்க. சன்னல திறந்து வச்சுக்குங்க, சாமி விளக்கு எரியிற பக்கம் வேணவே வேணாம். பளபளப்பு போச்சுன்னா அது வெறும் படிவு, மெதுவா மீதியையும் எடுத்துடலாம். போகலன்னா கை பட்டு பட்டு பினிஷே தேஞ்சு வழுவழுன்னு ஆயிருச்சு, அத எந்த பாட்டிலும் திரும்ப மேட் ஆக்காது.

நம்ம தோட்டத்து பக்கம் இருக்கிற புழுக்கத்துக்கு, கோயில் பஜனை முடிஞ்சதும் வியர்வைய துடைச்சிட்டு பெட்டில வைங்க, பாதி அழுக்கு சேராது.

ஒண்ணு மட்டும், பழைய கித்தார்னா நைட்ரோ லாக்கரா (நைட்ரோசெல்லுலோஸ்ங்கிற பொருள்ல செஞ்ச பூச்சு) இருக்கலாம். அதுல ஸ்பிரிட், சானிடைசர் படவே கூடாது, கரைஞ்சிடும். ரப்பர் வச்ச ஸ்டாண்டும் ஆகாது.